வம்சத்தில் இல்லாத நோய்

"பிபி மாத்திரையா? எங்க வம்சத்துலயே அந்தச் சீக்கு கெடையாது!" என்று சொல்லி, டாக்டர் எழுதியதை வாங்க மறுத்தவர் இராமலிங்கம். இன்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை அருகே, கண் இருண்டு சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் பதறினார். "பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கே. என்ன மாத்திரை போட்டார்?"

மனைவி ரேணுகாம்பாள் ஒப்புக்கொண்டாள். "அவர் வீம்பு பிடிச்சார்னு, நீங்க எழுதின மாத்திரையை நான்தாங்க வாங்கி, தினமும் கஞ்சியில பொடிச்சுக் கலந்தேன். உசுருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரைதான். ஆனா ஒரு மாத்திரைக்கே இவ்ளோ எறங்காதேம்மா."

கட்டிலில் இருந்து இராமலிங்கம் முனகினார்.

"எனக்கும் சாவு பயந்தான்டி. பூஜை ரூம்ல ஒளிஞ்சு, நானும் அதையேதான் தனியா வாங்கி தினம் முழுங்கினு இருக்கேன்."