மஞ்சள் அட்டை

அந்தத் தொழிற்சாலையில் அடையாள அட்டை அச்சடிப்பது அவள் வேலை. ஆளின் விவரத்தைப் பார்த்து அட்டையின் நிறத்தைக் கணினியே போட்டுவிடும். அலுவலகத்தாருக்கு நீலம், தொழிலாளிக்குப் பச்சை, வந்துபோகிறவர்களுக்கு மஞ்சள். மஞ்சள் அட்டையை மட்டும் மாலையில் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்று புதுப்பித்த அட்டைகளில் அவள் கணவனுடையது மஞ்சளாக வந்தது. விவரத்தில் நிரந்தரத் தொழிலாளி என்றுதான் இருந்தது. மறுபடி அச்சடித்தாள். மறுபடியும் மஞ்சள்.

"என்னக்கா, மாமா வந்துபோற ஆளா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "வீட்டுலயும் அப்படித்தானா?"

"தூங்கத்தான் வர்றாரு," என்று சிரித்துவைத்தாள். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று அதையே கொடுத்தனுப்பினாள்.

மாலையில் கணவன் வந்து வீட்டுக் கதவைத் தட்டினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. "உட்காரலாங்களா?" என்று கேட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கழுத்தில் அட்டை இல்லை. கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். சுவரிலிருந்த அவர்களுடைய கல்யாணப் படத்தை உற்றுப் பார்த்தான்.

"பொருத்தமான ஜோடி," என்றான். பிறகு எழுந்தான். "நேரமாயிடுச்சுங்க, கிளம்பறேன்."

அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். அவள் விலகட்டும் என்று அவன் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தான்.