ஜன்னலோர இருக்கை

அது எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. குமரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்த புதிது. மதுரையிலிருந்து வந்த பேருந்தை எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்தியிருந்தார்கள்.

"பையைத் திறங்க பாட்டா" என்றாள் கல்லூரி மாணவி பிரிஜா, மறுபடியும்.

பெரியவர் அசையவில்லை. ஜன்னலோர இருக்கையில் மஞ்சள் துணிப்பை இருந்தது. அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அதன்மேல் கையை வைத்திருந்தார். துணிப்பைக்குள் கறுப்புக் கவரின் விளிம்பு தெரிந்தது. கடைகளுக்குக் கட்டுக்கட்டாகக் கவர் கடத்துகிறவர்கள் இப்படித்தான் மறைத்துக் கொண்டுவந்தார்கள்.

"ரெண்டு டிக்கெட் எடுத்திருக்காரும்மா" என்றார் கண்டக்டர். "யாரையும் பக்கத்துல இருக்க விடல்ல."

சரக்குக்குத் தனி டிக்கெட்! பிரிஜாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

மாணவர்களே பேருந்துகளைச் சோதிக்கலாம், யாருக்கும் விலக்குக் கூடாது என்பது அவளுடைய யோசனை. கல்லூரிக் கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியது. "இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். ஒரு கவர் தப்பிச்சாலும் நாளைக்கு நீங்க வரவேண்டாம்" என்று சொல்லியிருந்த அதிகாரி, கீழே ஜீப்பில் சாய்ந்து நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, வயசாளி. விட்டிரு" என்றான் பின்னால் நின்ற வகுப்புத் தோழன் ஜெனின்.

"ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும் மக்கா."

"உனக்க கல்யாணத்துக்கு வாற மாப்பிள்ளையையும் சோதிச்சுத்தான் உள்ள விடுவ."

யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

பிரிஜா புதுத் துணிப்பை ஒன்றை நீட்டினாள். "உள்ள உள்ளதை இதுல கொட்டிக்கிடுங்க. கவரை மட்டும் தாங்க."

"துணியில நிக்காது தாயி. சிந்திரும்."

"அப்படி என்னதான் இருக்கு?"

பெரியவர் அவளையே பார்த்தார்.

அவள் குனிந்து, அவர் கையை விலக்கி, கவருக்குள் கையை விட்டாள். மாவு போல மிருதுவாக இருந்தது. நடுவே சின்னதாக, கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கையை எடுத்தபோது விரல்களில் சாம்பல் ஒட்டியிருந்தது.

பெரியவர் தோள்துண்டை எடுத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு துண்டைக் கவருக்குள்ளேயே பதமாக உதறினார்.

"கல்யாணமான நாள்ல இருந்து கடலைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா தாயி."