வாய் நிறைய

“வாயைத் திறடா” என்றாள் அக்கா.

தம்பி வாயைத் திறந்தான், ஏதோ சொல்வதற்காக. அதற்குள் முள் நீக்கிய மீன் துண்டு உள்ளே போய்விட்டது. மீசை வைத்த ஒரு தடியனுக்கு ஒரு பெண் ஊட்டிவிடுவதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“அக்கா, நானே சாப்பிட்டுக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுமே. வெளிநாட்டுக்கு வந்துட்டு வயித்தக் காயப்போட்டுட்டா போவ? இந்த ரொட்டியையும் தின்னு, சூடு ஆறிடும்.”

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டாள். பெட்டியை வீட்டில் வைக்கக்கூட விடாமல் ஒரு சூப் கடை. அடுத்தடுத்த நாட்களில் சந்தைக்குள் நின்றுகொண்டே தின்கிற கடை, ஆற்றோரத்தில் ஐஸ்கிரீம், இப்போது இந்த மீன் கடை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் பறக்க, அவனும் மாமாவும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

“என் பேண்ட் பொத்தான் இனிமே தாங்காது மாமா” என்று அக்காவின் கணவரிடம் முனகினான்.

மாமா சிரிக்கவில்லை. அக்கா பில் கொடுக்க எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“எப்ப மாப்ள சொல்லப்போற? ஒவ்வொரு நாளும் இப்படியே போகுதே.”

அதைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான். ஊரில் அம்மா இறந்து மாதங்கள் ஆகிவிட்டன. அப்போது அக்காவுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசவே கூடாதாம் என்று குடும்பமே கூடி ஒரு பொய்யைக் கட்டியது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. பொய்யை இறக்கி வைக்கத்தான் ஆளில்லை. “என்னால முடியல மாப்ள. அவ மூஞ்சியப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்குது. நீ நேர்ல வந்து சொல்லிடு” என்று மாமாதான் டிக்கெட் போட்டு வரவழைத்திருந்தார்.

அவனும் முயலாமல் இல்லை. பூங்காவில் உட்கார்ந்தபோது, “அக்கா, உன்கிட்ட ஒண்ணு பேசணும்” என்றான். “பேசலாம், அந்தக் கடைய மூடிடப்போறான், எழுந்திரு” என்று இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் சோபாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “இவளக் கொஞ்சம் வெச்சுக்கோ” என்று குழந்தையை மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். அவனைப் பார்த்துக் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அம்மாவின் சிரிப்பு அப்படியே. 

ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. காலையிலேயே அக்கா மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அம்மா செய்கிற ஆரஞ்சு கேக். துருவிய தோலின் வாசம் கூடம் வரைக்கும் வந்தது. அவன் கதவோரம் போய் நிற்பதும், வாய் வராமல் திரும்பி வந்து பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பார்ப்பதுமாக இருந்தான்.

அடுப்பிலிருந்து வெளியே வந்த கேக் நடுவில் குழிந்து, ஓரத்தில் கருகியிருந்தது.

“எப்பவும் முட்டை எத்தன, வெண்ணெய் எவ்வளவுன்னு உங்கம்மாவுக்கு மெசேஜாப் போட்டுக் கேட்டுட்டுத்தான் கைய வைப்பா. இந்தத் தடவ யாரையும் கேக்காம இவளே இறங்கிட்டா” என்றார் மாமா.

“குழி விழுந்தா என்ன? உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்” என்றாள் அக்கா.

“டாக்ஸி வர்ற நேரமாச்சு மாப்ள” என்றார் மாமா, அவனை அழுத்திப் பார்த்தபடி. பிறகு, “இவளுக்குத் துணி மாத்தணும்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதை விட்டால் இனி இல்லை. பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அவன் அவள் எதிரில் வந்து நின்றான்.

“அக்கா. நான் ஊர் சுத்திப் பாக்க வரல.”

“கேக்கு சூடா இருக்கு, ஒரு வாய் வாங்கிக்கோ.”

“நான் சொல்றதக் கேளு. அம்மாவப் பத்தி...”

“வாங்கிக்கோடா!”

கேக்கோடு வாயருகே வந்த அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவளும் விடவில்லை. அழுத்தின அழுத்தலில் கேக் பொடிப்பொடியாக உதிர்ந்து இரண்டு பேர் கால்மேலும் விழுந்தது.

“விடுக்கா. இன்னிக்கு நான் சொல்லியே ஆகணும்.”

அக்கா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலி விரல்களை அப்படியே அவன் உதட்டின்மேல் வைத்து அழுத்தினாள்.

“பேத்தி பொறந்ததுக்கு ஒரு வரிகூட எழுதி அனுப்பாத அம்மாவாடா நம்ம அம்மா?”

வெளியே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் கையை எடுக்கவில்லை.

“நீ சொல்லாத வரைக்கும் அவங்க இருக்காங்கடா.”