முழங்கால் உயரத்தில்

"உன் மெடலை எங்கே வெச்சிருக்கார் பாத்தியா? முழங்கால் உயரத்துல! செருப்பு விடுற இடம்டீ அது!"

மகளைப் பார்க்க வந்த அம்மா, கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

ஹால் சுவரில் புது மர ஷெல்ஃப். மூன்று தட்டு. கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மாமனார், பத்து நாள் சோறு தண்ணி மறந்து செய்தது. வீட்டில் அவரவர் பொக்கிஷமாக நினைப்பதை வைக்கத்தான்.

மேல் தட்டில் அவர் மகனின் கேரம் கோப்பை. நாலே பேர் ஆடிய போட்டியில் இரண்டாம் பரிசு. அதற்கு ஒரு குட்டி விளக்கு வேறு! நடுத்தட்டில் பட்டறையில் மாமனாருக்குக் கொடுத்த கேடயம்.

மருமகள் பளுதூக்கும் வீராங்கனை. பதினொரு மெடல், அதில் எட்டு தங்கம். அத்தனையும் கடைசித் தட்டில், பலகையிலேயே வட்டவட்டமாகக் குழி வெட்டிப் பதித்திருந்தார்.

"தொண்ணூறு கிலோவை அலேக்கா தூக்கற. இதைத் தட்டிக் கேக்க வாய் வரலையா?"

"விடும்மா. அவர் வீட்டுச் சுவர், அவர் இஷ்டம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. வலிக்காமல் என்ன? குழந்தை பிறந்த பிறகு அவள் மேடை ஏறவில்லை. அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். 'போதும், வீட்டோட இரு' என்பதைத்தான் மாமனார் வாயால் சொல்லாமல் மரத்தில் செய்து காட்டிவிட்டாரோ?

உப்புத்தாளும் கையுமாக மாமனார் உள்ளே வந்தார்.

"வாங்க சம்பந்திம்மா! எப்படி இருக்கு நம்ம கைவேலை?" முகமெல்லாம் பெருமை.

"நல்லாத்தான் இருக்கு. பையன் ஜெயிச்சது உச்சாணிக் கொம்புல, மருமக ஜெயிச்சது தரையிலயா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"தெரியாமலா? அளந்து செஞ்சேன். தரையிலேர்ந்து சரியா பதினேழு அங்குலம்."

சம்பந்தி அம்மாள் கையிலிருந்த பையைப் பொத்தென்று தரையில் வைத்தாள். இவர்களின் சண்டையைச் சட்டை செய்யாமல், பத்து மாதக் குழந்தை தவழ்ந்து வந்து அவள் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

மாமனார் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடைசித் தட்டின் விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினார்.

"மேல ரெண்டும் மெல்லிசுப் பலகை சம்பந்திம்மா. சும்மா பாக்கறதுக்குத்தானே, ரெண்டு ஸ்க்ரூ போதும். இது ஒன்றரை அங்குலப் பலகை, எட்டு போல்ட். நீங்களே ஏறி நின்னாலும் அசையாது!"

"நான் ஏன் ஏறி நிக்கணும்?"

மருமகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மாமா, வீட்டுக்கு வர்றவங்க யாராவது குனிஞ்சு என் மெடலைப் பாப்பாங்களா? எனக்கு இருக்கற பெருமையே அது ஒண்ணுதான். நான் மறுபடி போட்டிக்குப் போறது பிடிக்கலேன்னா நேராவே சொல்லிடுங்க."

மாமனாரின் கை நின்றது. அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"போட்டிக்கு இன்னுமா பேர் குடுக்கல? முதல்ல போய்க் குடும்மா! குழந்தையை நான் பாத்துக்கறேன்."

"அப்ப இது?"

"விருந்தாளிங்க பாக்கறதுக்குன்னா மேலதான் வெச்சிருப்பேன். நாலு பேர் பாத்து மெச்சி என்னம்மா ஆகப்போகுது?"

அதற்குள் குழந்தை பையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தேய்த்து வழவழப்பாக்கிய விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்று முக்கி, முழங்காலைத் தரையிலிருந்து பிரித்தது. ஆடியது. தொப்பென்று உட்கார்ந்தது. மறுபடி பிடித்தது.

மாமனார் இரண்டு கையையும் அதன் பின்னால் அணைபோல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உன் பொண்ணு இன்னிக்கோ நாளைக்கோ எழுந்து நிக்கப்போறா. வாழ்க்கையில முதல் தடவை அவ பிடிச்சு நிக்கறது, அவ அம்மா ஜெயிச்சதா இருக்கணும்னு ஆசைப்பட்டேம்மா."