யானையின் நெற்றி

"மறுபடியும் மாத்திட்டான்!" கம்ப்யூட்டர் முன்னாலிருந்து கத்தினாள் ஸுபத்ரா.

குழந்தைகள் வண்ணம் தீட்டி விளையாட ஓர் இலவச மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் ஓவியர்கள் சம்பளமில்லாமல் அதற்குப் படம் வரைந்து தருகிறார்கள். ஸுபத்ரா தந்தது கோயில் யானை. அதன் நெற்றியில் அவள் போட்ட தென்கலை நாமத்தை, 'அன்னம்' என்ற புனைபெயரில் யாரோ மூன்றாவது முறையாக வடகலையாக்கியிருந்தார்கள்.

"ஊர்ச் சண்டையை இன்டர்நெட்டுக்கும் கொண்டு வந்துட்டான், பாருங்கோ."

"சும்மா வரைஞ்சு குடுக்கற படம்தானே, விட்டுடேன்," என்றான் கணவன் ராம்ப்ரஸாத், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

"சும்மா குடுத்தா யார் வேணா கை வைக்கலாமா? இதுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்."

பண்ணினாள். இருபது நாள் விடாமல் குழுவில் எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுதி ஒரு விதி கொண்டுவந்தாள். அடுத்தவர் படத்தைத் திருத்துகிறவர் சொந்தப் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். வரைந்தவர் சம்மதித்தால்தான் திருத்தம் செல்லும்.

மறுநாளே யானைக்கு ஒரு திருத்தம் வந்தது. பரபரவென்று திறந்தாள்.

'பெயர்: ராம்ப்ரஸாத், சின்ன காஞ்சிபுரம். காரணம்: கல்யாணத்துக்குப் பிறகு வரைந்தவருக்கும் எங்காத்துக் கலைதான்.'

திரும்பிப் பார்த்தாள். பேப்பர் அவன் முகத்தை முழுசாக மறைத்திருந்தது.

"நேர்ல சொன்னா சண்டைக்கு வருவியேன்னுதான்..." என்றது பேப்பர்.

ஸுபத்ரா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். விதிப்படி தட்டினாள்:

'திருத்தம் நிராகரிக்கப்படுகிறது. வரைந்தவரின் கணவர் என்பது காரணம் ஆகாது.'