நீல விளக்கு

சனிக்கிழமைக் கச்சேரியில் தனி வாசிப்பு யாருக்கு என்பதைக் குழுத் தலைவர் ஷேக் அலாவுதீன் சூலியா தெரு மாடியறையில் அன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. காமினி கிட்டாரை நேரே ஒலிபெருக்கியில் இணைத்து வாசிப்பவள். போட்டியிலிருந்த இன்னொரு கிட்டார்காரன் சுகுமாரனைப் பொறுத்தவரை அது அறியாமை. காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலியை உயர்த்தும் பூஸ்ட் பெடலைத் திறந்து, உள்ளுறுப்புகளை மாற்றிப் பற்றவைத்து, புதிதாக ஒரு நீல விளக்கும் பொருத்தி அவன் கொண்டுவந்திருந்தான்.

விளக்கு எரியாத நிலையில் ஒரு வரி வாசித்தான்.

"பெடல் இல்லாட்டி இப்படித்தாண்ணே. இது காமினி சத்தம். தகரத்தச் சுரண்டுற மாதிரி இல்ல?"

"காது கூசுதுப்பா" என்றார் ஷேக்.

சுகுமாரன் பெடலை மிதித்தான். நீல விளக்கு எரிந்தது. அதே வரி கனிந்து வந்தது.

"இது என் கைவேலை. தேன் லா!"

"முதல்லதானே சத்தம் கூட இருந்துச்சு, அண்ணே?" என்றாள் காமினி.

"உனக்குச் சத்தம்தான் தெரியும். நாதம் எங்க தெரியப்போகுது?"

"சனிக்கிழமை இந்த நாதம்தான்" என்று ஷேக் முடித்தார்.

களிப்பில் வாசித்தபடியே சுகுமாரன் அவள் பக்கம் திரும்பினான். கால் தட்டிப் பெடலின் மின்கம்பி கழன்றது. விளக்கு அணைந்தது, தேன் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

சுகுமாரன் வாசிப்பை நிறுத்தினான். மின்சாரம் இல்லாமல் பெடல் வேலை செய்யாதே! விளக்கின் இணைப்பைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தான். அது எரிந்தபோதெல்லாம் ஒலி பெடலுக்குள் நுழையாமல், காமினி வாசிப்பதைப் போலவே நேரே ஒலிபெருக்கிக்குப் போயிருந்தது. தகரத்தைச் சுரண்டியதுதான் அவன் கைவேலை.

காமினி கிட்டாரை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, சனிக்கிழமை நான் வாசிக்கிறப்ப அந்த விளக்க மட்டும் குடுங்க லா. பாக்க அழகா இருக்கு."