நஷ்டத்தில் ஓடும் அத்தை

"அத்தையால நமக்கு நஷ்டம்தான். பேசாம எடுத்துடலாம்."

துவைத்து மடித்த தலையணை உறைகளோடு மகனின் அறை வாசலுக்கு வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சாத்திய கதவுக்கு வெளியே நின்று காது கொடுப்பது அவருக்குத் தொழில் பழக்கம். அதை ஒட்டுக்கேட்பது என்று யாராவது சொன்னால் பொல்லாத கோபம் வரும்.

உள்ளே பேசியது மகன்தான். பெற்ற தாயை 'அத்தை' என்கிறான். பெண்டாட்டியின் வாய் இவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பாவங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றாள் மருமகள்.

நடிக்கிறாள் என்று மாமியார் உடனே கண்டுபிடித்துவிட்டார். தூண்டிவிட்டதே இவளாகத்தான் இருக்கும்.

"இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு ஆள் எட்டிப் பார்க்கிறதில்ல. செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. மேட்டுல ஏறும்போது பார்த்தியா? நின்னு நின்னு, மூச்சு வாங்கிட்டு... பின்னால வர்றதெல்லாம் காத்துக்கிடக்கு."

மாமியாரின் கை தானாக முழங்காலுக்குப் போனது. நேற்று மாடிப்படி ஏறும்போது பின்னால் வந்தவன் இவன்தான். "மெதுவா ஏறும்மா, அவசரமே இல்ல" என்று வாய் நிறையச் சொன்னானே, பாவி.

"அப்ப நாத்தனாரோட சேர்த்துவிட்டா?"

"நாத்தனாரே பிதுங்கிக்கிட்டு இருக்கு. இதையும் எங்க தாங்கும்?"

மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், உண்மைதான். அதற்காகக் கூடப் பிறந்தவனே இப்படிப் பேசுவதா?

"அத்தையை வெச்சுக்கிட்டு நாம முன்னுக்கு வரவே முடியாது. சொல்லு, இடிச்சுடவா?"

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எங்க, இடிடா பார்ப்போம்."

மகனும் மருமகளும் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பச்சை நிலம், நீல ஆறு, குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளங்கள். அதன்மேல் பொம்மை ரயில்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ரயில் விளையாட்டும்மா" என்றான் மகன், பேந்தப் பேந்த விழித்தபடி. "ஊருக்கு ஊர் ஸ்டேஷன் கட்டி, ரயில் விட்டு, ஜனங்களை ஏத்தி இறக்கி லாபம் பார்க்கணும். இவதான் ஸ்டேஷனுக்கெல்லாம் சொந்தக்காரங்களை வெச்சுப் பேர் வெச்சிருக்கா."

மருமகள் ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். சித்தப்பா சந்திப்பு. சின்ன மாமா நகர். நாலு நடைமேடையோடு நாத்தனார், அங்கே ஏற இடமில்லாமல் ஜனம் நிரம்பி வழிந்தது. மலைமேல் தன்னந்தனியாக ஒரு குட்டி ஸ்டேஷன், அதன் பெயர் அத்தை. ஒற்றைப் பெட்டி கோத்த ரயில் ஒன்று அதை நோக்கி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்த கையோடு அதிகாரமும் வந்தது.

"கட்டிக்கிட்டு வந்தவ இடிக்க வேணாங்கிறா, பெத்த பிள்ளை நீ இடிக்கிறேங்கிறியா?"

"அங்க நாலே நாலு வீடும்மா. இந்த ஒரு வண்டி மெயின் லைன்ல குறுக்கே வர்றதால எக்ஸ்பிரஸ் எல்லாம் சிக்னல்ல நிக்குது."

"நிக்கட்டும். எனக்காக நாலு வண்டி நின்னா என்ன குறைஞ்சு போச்சு?"

நாற்காலியை இழுத்து மருமகள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது.

"நீ தங்கம்மா. உன்னைப் போய் தப்பா நினைச்சுட்டேன். ஆமா, உங்க அம்மா ஸ்டேஷன் எங்க இருக்கு?"

மருமகள் திரையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வெறும் புல்தான் இருந்தது.

"இங்க இருந்துச்சு அத்தை. போன வாரம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"ரெண்டுமே நஷ்டம். ஒண்ணைத்தான் வெச்சு ஓட்ட முடியும்னார் உங்க பிள்ளை."

"அதுக்காகப் பெத்தவளையா எடுப்பாங்க? என்னை எடுத்திருக்க வேண்டியதுதானே?" என்றார் மாமியார், பெருந்தன்மையாக.

"நீங்க இங்கேயே இருக்கீங்க அத்தை. என்னிக்காவது கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படுவீங்க." மருமகள் மவுஸை நகர்த்தியபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மா இந்த வீட்டுக்கு வந்து பார்க்கவா போறாங்க?"

மாமியாருக்குச் சுருக்கென்றது.

சம்பந்தி கடைசியாக வந்தபோது, உதவி செய்கிறேன் என்று சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டார். அந்த ஒரு குற்றத்துக்காக இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்து நாள் தங்க வந்த மனுஷி மறுநாளே பெட்டியைக் கட்டினார். தனியாக இருக்கிறவர், அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மருமகளும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. எழுந்து ஹாலுக்கு வந்தார். போனை எடுத்தார். மறுமுனையில் "ஹலோ" என்ற குரல் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, நான்தான் பேசறேன். உங்களை இங்க இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. முதல் செங்கல்லை உருவினது நான்தான். நீங்க கிளம்பி வாங்க, திரும்பக் கட்டிடலாம்."